திண்ணைப் பள்ளியும் எழும்பூர்ப் பரிசோதனையும்

ஹைதராபாத் நிஜாம் 1800ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளுள் பல்லாரியும் ஒன்று. சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822இல், மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று கலெக்டர்களை வினவினார். மறுமொழி எழுதியவர்களுள் பலர் எண்ணிக்கையோடு நின்றுவிட்டனர். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் மட்டும், பள்ளியின் உள்ளே நடப்பதைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும்படி 1823இல் ஓர் அறிக்கை அனுப்பினார்.

காலையில் பள்ளிக்கு முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படுமாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னால் வருபவர்க்கெல்லாம் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். பல்லாரியில் வழங்கிய மொழிகள் தெலுங்கும் கன்னடமுமாயினும், இவ்வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் முதலில் வரும் பிள்ளைக்கு ‘வேத்தான்’ என்றே ஒரு பெயர் இருந்தது.

சரஸ்வதியின் பெயரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அமரும் சிறுவனின் உவகையை எண்ணிப் பாருங்கள். அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. சோம்பியிருக்கும் பிள்ளையின் இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து கப்பியின் வழியே தொங்கவிடுவதும் அப்பள்ளிகளின் வழக்கமாக இருந்தது. தமிழில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். ஒரே கூரையின்கீழ் சரஸ்வதியும் கோதண்டமும்! நம் பழைய கல்விமுறையைப் புகழ்ந்து பேசுவோர் முன்னதையும், இகழ்ந்து பேசுவோர் பின்னதையும் எடுத்துக்கொள்கின்றனர்.

காம்பெல் வியந்து பாராட்டியது ஒன்றுண்டு. முன்னேறிய மாணாக்கர் பின்தங்கிய மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அது. இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகுதியானதே என்று அவர் எழுதினார். இங்கிலாந்து அதை எவ்வாறு கற்றது என்பதை அறிய, ஏறத்தாழ முப்பதாண்டுகள் பின்னோக்கிச் சென்னை எழும்பூருக்குச் செல்லவேண்டும்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். சேனையிலிருந்த ஐரோப்பியரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக 1789இல் எழும்பூரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வையை அவர் ஊதியம் பெறாமல் ஏற்றார். அச்சிறுவர்களுட் பலருக்குத் தாய்மார் இந்நாட்டுப் பெண்டிர். இக்கலப்புப் பிள்ளைகளிடம் அறிவும் நல்லொழுக்கமும் எதிர்பார்ப்பது வீண் என்பது அக்காலத்து ஆங்கிலேயர் பலரின் எண்ணம். ஆசிரியர்களும் அவ்வாறே எண்ணினர். எழுத்துக் கற்பிப்பதற்குள்ளேயே மாதங்கள் கழிந்தன.

ஒருநாள் குதிரைமீது சென்ற பெல், ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டா. பிழை நேர்ந்தால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். பிழையின் தடம் நில்லாத இடத்தில் பிள்ளைக்கு அச்சம் குறைவு. விடுதிக்குத் திரும்பியதும் கடைசி வகுப்பு ஆசிரியரை அவ்வாறே செய்யச் சொன்னார். அது நடவாத காரியம் என்றார் அவர். பெல் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அவ்வகுப்பை ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனாகிய அச்சிறுவன், பெரியவர் முடியாது என்றதைச் செய்து காட்டினான்.

எனக்கு இக்கதையில் மணலைவிட ஃபிரிஸ்கனே முக்கியமாகத் தோன்றுகிறான். ‘இப்பிள்ளைகளுக்கு வராது’ என்ற முடிவோடு வகுப்பினுள் நுழைந்தவர் அந்த ஆசிரியர். அவ்வெழுத்துகளைத் தான் கற்றுக்கொண்டவன் ஃபிரிஸ்கன். ஆகவே மற்றவருக்கு வராது என்று எண்ண அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை.

பெல் அத்தோடு நிற்கவில்லை. வகுப்பைக் கற்பிப்பவன், கற்பவன் என்று இரட்டை இரட்டையாக அமர்த்தினார். பாடங்களைச் சிறு சிறு பகுதிகளாக்கி, ஒன்று முற்றும் படிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லவிட்டார். அன்றாட முன்னேற்றத்தை ஏட்டில் குறிக்கச் செய்தார். ஒரு வகுப்புப் பிள்ளைக்கு எளிதாகிவிட்டால் மேல் வகுப்புக்கும், மிகக் கடினமாயிருந்தால் கீழ் வகுப்புக்கும் மாற்றினார். எங்கே அமர்ந்தாலும் அவன் வெற்றி காணவேண்டும் என்பது கருத்து. குற்றங்கள் ஒரு கரும்புத்தகத்தில் பதியப்பட்டு வாரந்தோறும் படிக்கப்படும். தண்டனை என்ன என்பதை உடன் பயிலும் சிறுவர்களே கூடித் தீர்மானிப்பர். திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்ட அவர், கோதண்டத்தைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார் எனலாம்.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறுவருஷம் இப்பரிசோதனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இம்முறைக்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பொருளால் எழுந்த ‘மதராஸ் காலேஜ்’ என்னும் பள்ளி இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. அவர் கண்ட திண்ணைப் பள்ளியின் உபாத்தியாயர் யார் என்பது மட்டும் வரலாற்றில் ஏறவில்லை.

இங்கிலாந்தில் அம்முறைக்கு நேர்ந்த கதி வேறு. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் இதையொத்த பள்ளியை நடத்தி, ஓர் ஆசிரியரே ஆயிரம் சிறுவருக்குக் கற்பிக்கலாம் என்று காட்ட முனைந்தார். செலவு குறையும் என்றதும் ஆதரவாளர் பெருகினர். பிரம்படியை வெறுத்த லங்காஸ்டர், குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் இட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு மற்றவர் நகைக்கச் செய்தார். கோதண்டம் கடல் கடந்து கூடையாயிற்று போலும்! நாளடைவில் மணியடித்தால் எழுதி மணியடித்தால் நிறுத்தும் இயந்திரமாக வகுப்புகள் மாறின. மலிவுக்காக ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டவர்கள் அதன் உயிரைக் கைவிட்டனர் என்பதே என் கருத்து.

மொழிபெயர்ப்பே தொழிலாயுள்ள எனக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. அந்த முறை ஆங்கிலப் பள்ளிகளின் வழியே நம்மிடம் திரும்பியபோது ‘மானிட்டர்’ என்ற பெயரைச் சூடி வந்தது. சட்டாம்பிள்ளையோ, ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்ற வசையில் மட்டும் எஞ்சியிருக்கிறார். கற்பிப்பவனாக இருந்தவன் பேசுவோர் பெயரைப் பலகையில் எழுதுபவனாகச் சுருங்கினான். வசையில் நியாயம் இல்லாமல் இல்லை.

நம் காலத்தில் அக்கருத்து வேறொரு வழியாக மீண்டது. டேவிட் ஹார்ஸ்பர்க் 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்னும் சிறு பள்ளியைத் தொடங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருசேர அமர்த்திக் கற்பித்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில், கிராமப் பிள்ளைகளுக்கெனப் பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப்படி போல் அடுக்கப்பட்டன. இவற்றைக் கண்டு சென்னை மாநகராட்சி 2003இல் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. 2007இல் அது தமிழ்நாடெங்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர்; சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் உயரத்திற்கு ஏற்பக் கரும்பலகைகள் அமைந்தன; முடித்தவன் முடிக்காதவனுக்கு உதவினான். அங்கும் சில இடங்களில் அட்டையை மாற்றுவதே பாடமாகிப்போயிற்று என்ற குறை எழுந்தது. 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் வேறொரு திட்டம் தொடக்க வகுப்புகளில் நடைபெறுகிறது.

இவையெல்லாம் ஹைதராபாத்தில் வாழும் தமிழர்க்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 1798ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கும்பினியின் சென்னைப் படையோடு இங்கு வந்தவர்களே நம்மில் முன்னோர். படை தங்கிய இடம் 1806இல் செகந்தராபாத் என்று பெயர் பெற்றது. அங்கே 1862இல் சோமசுந்தர முதலியார் ஒரு பள்ளியை நிறுவினார். ஆறாம் நிஜாமின் பெயரால் மஹபூப் கல்லூரி என்றான அவ்விடத்தில்தான், சிகாகோ செல்லுமுன் 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றினார். பிறமொழி நாட்டில் குடியேறியவர்கள் கட்டிய பள்ளி அது.

தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலிருந்து தெலுங்கும் ஹிந்தியும் ஒலிக்கும் வகுப்பிற்குச் செல்லும் குழந்தை முதல் சில மாதங்கள் வாய் திறவாதிருப்பதை நாம் அறிவோம். எழும்பூர் ஆசிரியரைப் போல் ‘இதற்கு வராது’ என்று குறிப்பெழுதுவது எளிது. பக்கத்துப் பலகையில் இரு மொழியும் அறிந்த ஒரு பிள்ளை அமர்ந்திருந்தால், இடைவேளைக்குள் பாதி ஐயம் தீர்ந்துவிடும். ஆசிரியர் அதை வகுப்பு ஒழுங்கின் மீறல் என்று கருதாதிருக்க வேண்டும், அவ்வளவே. தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வழியில்லாத வீடுகளில் மூத்த பிள்ளையே ஞாயிறுதோறும் இளையதற்குச் சட்டாம்பிள்ளை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அகரம் எழுதச் சொல்லி, தவறினால் தானே கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறது.