'கொச்சை' என்ற குறிப்பு

தோழர்களே, கல்லூரியில் படித்தபோது ஒரு சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பினேன். எங்கள் சேரிப் பேச்சிலேயே எழுதியிருந்தேன். 'கொச்சையைத் தவிர்க்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தக் குறிப்பை நம் எழுத்து எப்படித் தாண்டி வந்தது என்பது ஒரு வரலாறு.

நம் முன்னோர் யார் பரிசுக்கும் காத்திருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். எழுத இடமில்லாதபோது இடத்தையே உண்டாக்கினார்கள்.

1992இல் பாமாவின் 'கருக்கு' ஊர்ப்பேச்சிலேயே வந்தது. பிறகு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் பாட்டைச் சொன்னது. நமக்குள்ளே இருக்கும் மேல்கீழையும் மறைக்கவில்லை. நம் பக்கத்து விருத்தாசலத்தில் வாழும் அவருக்கு, 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தைப் பார்த்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுத, அந்த மலைப் பிள்ளைகள் பேனா எடுக்க வேண்டும்.

ஆகவே போட்டிகளுக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்புங்கள். இதழ் இல்லையென்றால் நாமே தொடங்குவோம்.

திரும்பி வந்த கதையை நான் கிழித்துப் போட்டேன். அதில் என் ஆயா பேசியது அப்படியே இருந்தது. இப்போது ஆயாவும் இல்லை.