மாத்தளைத் தோட்டப்புறத்தின் இரவுக் கலைகள்

இரவுப் பொழுதுபோக்கு என்றவுடன் நகரமே நினைவுக்கு வருகின்றது. படமாளிகை, விடுதி, விளக்கொளி மிகுந்த கடைத்தெரு ஆகியன அதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரவு வேறொரு பொருளை உடையதாய் விளங்கிற்று. அங்கு மக்கள் நாடிச் சென்ற அரங்கிற்குக் கூரை இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை. லயங்களுக்கு நடுவே கிடந்த ஒரு துண்டு வெற்றிடமே அரங்காயிற்று. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய ஆட்டங்கள் அங்குதான் விடிய விடிய நிகழ்ந்தன. இவை நலிவுற்றமைக்குச் சினிமாவே காரணம் என்பது பலரும் எளிதிற் கூறிவிடும் விடையாகும். வரலாற்றைச் சற்று உற்று நோக்குவோர்க்கு இவ்விடை போதியதாகத் தோன்றாது.

கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென 1820களிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக்கு அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காடுகளினூடாகக் கால்நடையாய்த் தம்புள்ளை, நாலந்தை வழியே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மலைநாட்டின் வாயிலாக அமைந்த மாத்தளையில் முத்துமாரியம்மனுக்கு ஆலயம் எழுந்ததை இப்பயணத்திலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1880 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை மாத்தளை வரை வந்தது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்களின் மூட்டைகளிற் பொருள் அதிகம் இருந்திருக்க முடியாது. கதையும் பாட்டும் அடவும் அவர்களின் நினைவிலேயே வந்தன.

தோட்டத்து நாளின் அமைப்பை அறியாது அதன் இரவை விளங்கிக்கொள்ளல் அரிது. விடியுமுன் தப்பு முழங்கும். அது பெரட்டுக்கான அழைப்பு. அந்த ஒலியிலிருந்து மாலையிற் கொழுந்து நிறுக்கும் வரை தொழிலாளியின் ஒவ்வொரு நாழிகையும் கணக்குப்பிள்ளையின் ஏட்டுக்கு உரியதாயிற்று. வீடு தோட்டத்தினது, பாதை தோட்டத்தினது, கூடும் வெளியுந் தோட்டத்தினதே. துரையின் இசைவின்றிப் பெருங்கூட்டம் கூடுதல் எளிதன்று. தொழிலாளிக்கு ஓரளவேனும் சொந்தமாய் எஞ்சியது இரவு ஒன்றே. காலையில் வேலைக்கு விரட்டிய அதே தப்பு இரவிற் கூத்தின் உயிர்நாடியாயிற்று. கருவி ஒன்றாயினும் அடி வேறு. பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, காமனுக்கு ஒரு அடி என்று செவியாலேயே பிரித்தறியும் பயிற்சி சிறுவருக்கும் இருந்தது.

காமன் கூத்து ஒரே இரவில் முடிவதன்று. மாசி மாத அமாவாசையை அடுத்து, காமன் பொட்டல் எனப்படும் இடத்திற் கம்பம் நடப்படும். அன்று தொடங்கி இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நிகழும். கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் அமர்ந்த சிவனின் நிட்டையைக் கலைக்க மன்மதன் ஏவப்படுகிறான். ரதி தீய கனவுகளைச் சொல்லித் தடுக்கிறாள். அவன் கேளாது சென்று நெற்றிக் கண்ணால் எரிகிறான். ரதியின் புலம்பலுக்குப் பின் அவன் மீள உயிர்பெறுகிறான். தூதன், இந்திரன், வீரபத்திரன், எமன் என வேடங்கள் விரிவடையும். இடையே கோமாளியுங் குறவன் குறத்தியுந் தோன்றுவர். ரதி வேடத்தையும் ஆண்மகனே பூணுவான். வேடந் தாங்குவோர் விரதங் காப்பர். வேடமிட்ட ரதியும் மன்மதனும் வெறும் நடிகராகக் கருதப்படுவதில்லை. அவர்களை வணங்கும் வழக்கமும் உண்டு. இறுதி இரவில் எமனும் வீரபத்திரனும் ஆவேசத்தோடு வருகையிற் கூட்டம் உண்மையாகவே அஞ்சிப் பின்வாங்கும். காமன் எரிந்தபின் எழும் புலம்பல் ரதியின் குரலோடு நின்றுவிடுவதில்லை. அவ்வாண்டிற் கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்கள் அப்புலம்பலிலே தம் துயரையுஞ் சேர்த்து அழுவர். இலக்கணப்படி இதனை நாடகம் என்பதா சடங்கு என்பதா என விவாதிப்போர் உளர். பொட்டலில் நின்றவர்க்கு அவ்வையம் எழுந்ததாகத் தெரியவில்லை.

பொன்னர் சங்கர் ஆட்டத்திலும் படுகளத்தில் வீரர் வீழ்ந்து கிடப்பர். தங்கையின் வேண்டுதலால் எழுவர். அருச்சுனன் தபசிலே நாட்டப்பட்ட நெடுமரத்தின் மீது பாடியவாறே ஏறும் காட்சி விடியற்பொழுதை ஒட்டி அமையும். இவ்வாறு துஞ்சாத ஓரிரவின் முடிவிலும் பெரட்டுத் தப்பு வழக்கம்போல் முழங்கிற்று என்பதை மறத்தலாகாது. பெண்களுக்கு அது மேலும் ஒரு சுமை. சாக்கு விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தி விழித்திருந்தவர்கள், சமைத்துவிட்டே மலை ஏற வேண்டியிருந்தது. இக்கலையைப் புகழ்ந்துரைப்போர் பேசாது விடும் மற்றொன்றும் உண்டு. தப்பின்றிக் கூத்து இல்லை. ஆயினும் தப்பு அடித்தோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர். கங்காணியின் செல்வாக்கும் சாதிப் படிநிலையும் வேடப் பங்கீட்டிலும் புகுந்தன. பகலின் ஏற்றத்தாழ்வு இரவில் முற்றாக மறைந்துவிட்டது எனல் மிகைக் கூற்றாகும்.

தோட்ட எல்லைக்கு அப்பால் கண்டிப் பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களிற் சொக்கரி என்னும் நாட்டுக்கூத்து களத்துமேட்டில் இரவில் ஆடப்பட்டது. இந்தியாவிலிருந்து இலங்கை வந்து சேரும் குருஹாமியும் அவன் மனைவி சொக்கரியும் அதன் கதைமாந்தர். பத்தினித் தெய்வ வழிபாட்டோடு அது தொடர்புடையது. கடல் கடந்து வந்தோரின் கதையை அக்கிராம மக்களும் ஆடினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இரவை நாடிய வேறு நிறுவனமும் இருந்தது, அது தவறணை. சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு ஆங்கில அரசு பெருவருவாய் ஈட்டியது; குத்தகைக்காரர் பெருஞ்செல்வராயினர். 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சீர்திருத்தம் கள்ளுத் தவறணைகள் பெருக வழிசெய்தமையால் நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தது. கூத்துக்கு இசைவு கேட்க வேண்டியிருந்தது; தவறணையோ அரசின் உரிமத்தோடு திறந்திருந்தது. சம்பள நாளின் இரவில் இவ்வேறுபாட்டின் விளைவை லயத்துப் பெண்களே நன்கறிவர்.

பின்னர்ச் சினிமா வந்தது. இரண்டாங் காட்சி பார்த்துவிட்டுக் கூட்டமாய்ப் பாடியவாறு மலைப்பாதை ஏறித் திரும்புவது இளைஞரின் பெருவிழாவாயிற்று. 1917 ஆம் ஆண்டில் மலைநாட்டிலே பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் திரையில் தோன்றியமை அம்மக்களுக்குத் தனிப் பெருமிதம் அளித்தது. எனினும் திரைப்பாட்டின் மெட்டு காமன் பாட்டுக்குள்ளும் கோமாளியின் பேச்சுக்குள்ளும் எளிதிற் புகுந்துகொண்டது. கூத்து அதனை உண்டு செரித்தது என்பதே பொருத்தம். 1979 இல் தொடங்கிய தொலைக்காட்சியும் அதன்பின் வந்த ஒளிநாடாவும் இளைஞரை வீட்டினுள் இருத்தின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு முன்பே ஆட்டக்குழுக்கள் உடைந்துவிட்டன.

உடைத்தது சட்டமேயாகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. காமன் கூத்தின் அரங்கேற்றத்துக்குப் பயின்ற ஆடுநர் வேண்டும். பாட்டை மனப்பாடமாய் அறிந்த வாத்தியார் வேண்டும். அடி தவறாத் தப்புக் குழு வேண்டும். மன்மதனுக்கு ஒரு நாடும் ரதிக்கு மற்றொரு நாடும் ஒதுக்கப்பட்டபோது கூத்து எவ்வாறு நிகழும்? தலைமன்னாரிற் கப்பலேறியோர் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே சென்றனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் மாத்தளை, கண்டிப் பகுதித் தோட்டங்கள் சில துண்டாடப்பட, அங்கிருந்தோர் வெளியேறினர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியோரிலும் பலரைச் சிதறடித்தன. இரவிற் கூடுவதே ஆபத்தாகிவிட்ட சூழலிற் பொட்டலுக்கு வருவோர் யார்? நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று.

ஈழத்துக் கூத்து மரபு பல்கலைக்கழக மேடையிற் புத்துயிர் பெற்ற காலமும் ஏறத்தாழ இதுவே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை 1960களில் அரங்கேற்றினார். இரவு முழுதும் ஆடப்பட்ட கீழ்மாகாணக் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்கு உரியதாக்கிய அப்பணியின் பெருமை குறைத்தற்குரியதன்று. ஆயினும் பேராதனையிலிருந்து சில மணிநேரத்தில் நடந்தே சென்றுவிடக்கூடிய தோட்டங்களிற் பதினைந்து இரவுகள் ஒலித்த காமன் தப்பு அம்மேடையை அடையவில்லை. மாத்தளை வடிவேலன் போன்று அம்மண்ணிலேயே வாழ்ந்தோர் பின்னர் அக்கலைகளை எழுத்திற் பதிந்தனர்.

மேடையேற்றத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கர்ணனின் கதை ஒன்றரை மணிநேரத்திற் சுருங்கினும் கர்ணனின் கதையாகவே நிற்கும். காமன் கூத்தோ கம்பம் நடுதலிலிருந்து உயிர்ப்பு வரையான நாட்களையே தன் உடலாகக் கொண்டது. இன்றும் அது சில தோட்டங்களில் மாசியிலே ஆடப்படுகிறது. கம்பம் நடும் பொட்டல் மட்டும், அன்று போலவே, ஆடுவோர்க்குச் சொந்தமானதன்று.