ஒரு பெயர், இரு நாணயம்: இந்திய – இலங்கை ரூபாய் மாற்று மதிப்பும் தாயகம் திரும்பியோர் சேமிப்பும்

கர்நாடகத்தின் சுள்ளியா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலும் தமிழகத்தின் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. மலையக இலக்கியத்தை ஆராய்வோர் இம்மக்களின் கூலி, கடன், சேமிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ‘ரூபாய்’ என்னும் சொல்லை எந்நாட்டு ரூபாய் என்று வினவாமலே கடந்துவிடுகின்றனர். 1966க்கு முன்னர் இதனால் பெரும்பிழை நேர்வதில்லை. அதற்குப் பின்னர் நேர்கிறது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் 1825 முதல் பவுண்டு, ஷில்லிங் கணக்கே அரசின் கணக்காக இருந்தது. எனினும் 1836இல் கம்பெனியாரின் வெள்ளி ரூபாயும் இரண்டு ஷில்லிங் மதிப்பில் ஏற்கப்பட்டது. காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் விரும்பிப் பெற்றது இந்த ரூபாயையே. 1869இல் அது தீவின் சட்டமுறை நாணயமாயிற்று.

1872 சனவரி முதல் நாள் இலங்கை தன் ரூபாயை நூறு சதங்களாகப் பகுத்தது. இந்தியா அம்முறைக்கு வந்தது 1957 ஏப்ரலில்தான். ஆகவே எண்பத்தைந்து ஆண்டுகள் ரூபாய் ஒன்றாகவும் சில்லறை வேறாகவும் இருந்தன. ஓர் அணா ஆறேகால் சதத்திற்குச் சமம். காலணாவையோ சதத்தில் சரியாக மாற்றவே இயலாது. முழு ரூபாயில் இழப்பின்றிக் கடல் கடந்தவர் சில்லறையில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த ஒருமை தொழிலாளருக்கு நன்மை மட்டுமே செய்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஊரில் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் மாற்றுக் கணக்கு ஏதுமின்றித் தோட்டத்துப் பற்றேட்டில் ஏறியது. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை அக்கடனே ஆளையும் தோட்டத்திற்குத் தோட்டம் நகர்த்தியது. பணம் எளிதாகக் கடந்த கடலைக் கடனும் எளிதாகவே கடந்தது எனலாம்.

1950 ஆகஸ்டு 28இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பட்டதும் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைச் சார்ந்து நிற்கும் நிலை சட்டத்தளவில் நீங்கியது. ஆயினும் இரண்டும் ஒரு டாலருக்கு 4.76 என்ற ஒரே மதிப்பிலேயே நீடித்தன.

இப்பின்னணியில்தான் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரைப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. திரும்பும் குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உடைமையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழ் குறைக்கப்படாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. சேமநிதியும் பணிக்கொடையும் இவ்வுடைமையுள் அடங்கின. எந்நாட்டு ரூபாய் என்ற வினாவுக்கு அன்று தேவையே இல்லை.

அத்தேவை இருபது மாதங்களில் எழுந்தது. 1966 சூன் 6இல் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்து ஒரு டாலருக்கு 7.50 என்றாக்கியது. அதிகாரபூர்வ வீதப்படி நூறு இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய். எனவே அந்த 4,000 என்பது 6,300 ஆயிற்று. ஆனால் ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டமே 1967இல்தான் இலங்கையில் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பரில், பவுண்டின் வீழ்ச்சியைத் தொடர்ந்து, இலங்கையும் தன் நாணய மதிப்பை ஒரு டாலருக்கு 5.95 எனக் குறைத்தது. 6,300 ஏறத்தாழ 5,040 ஆகச் சுருங்கியது. ஏட்டளவில் மிகுந்த மதிப்பு, பெரும்பாலோர் கப்பலேறுமுன்பே கரைந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது.

1968 மே முதல் இலங்கையில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையால் இருவகை வீதங்கள் நடைமுறைக்கு வந்தன. இக்காலப் பகுதிக்கு ஒற்றை வீதத்தைக் கொண்டு கணக்கிடும் ஆய்வுகளை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும். 1977 நவம்பரில் அவ்விரட்டை முறை நீக்கப்பட்டு, டாலருக்கு 16 ரூபாய் என்ற அளவில் இலங்கை நாணயம் மிதக்கவிடப்பட்டது. இந்திய ரூபாய் அப்போது டாலருக்கு ஒன்பதுக்கும் குறைவே. பழைய 4,000ஐ அப்படியே வைத்துப் பார்த்தால் இந்திய மதிப்பு இரண்டாயிரத்துச் சொச்சம்.

ஒரே தோட்டத்தில் ஒரே அளவு உழைத்துச் சேர்த்த இரு குடும்பங்களுள், 1968இல் புறப்பட்டதும் 1978இல் புறப்பட்டதும் ஒரே தொகையுடன் இராமேசுவரத்தில் இறங்கியிருக்க இயலாது. புறப்படும் ஆண்டையோ தொழிலாளர் தாமே தேர்ந்தவரல்லர். விண்ணப்பம், குடியுரிமைச் சான்று, சேமநிதி விடுவிப்பு ஆகிய அலுவலக நடைமுறைகள் அதனை முடிவுசெய்தன. 1984இல் தலைமன்னார்க் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்படாதோர் பல்லாயிரவர் இன்னும் தோட்ட லயங்களிலேயே இருந்தனர்.