இலக்கணம் கண்ட பேடும் சட்டம் கண்ட குற்றமும்

மாந்தரை ஆண், பெண் என இருகூறாகப் பகுத்துக் காண்டல் உலக வழக்கு. ஆயினும் அவ்விரு கூற்றுள்ளும் முற்ற அடங்காதார் எந்நாட்டினும் எக்காலத்தும் வாழ்ந்துள்ளனர். அவர்களை எத்திணையில் வைப்பது, எவ்வினைமுற்றால் முடிப்பது என்னும் வினா தமிழிலக்கண ஆசிரியர்களை நெடுங்காலத்துக்கு முன்னரே எதிர்நோக்கியது. அவ்வினாவுக்கு அவர்கள் இறுத்த விடையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஆட்சி இறுத்த விடையும், அண்மைக் காலத்து நீதிமன்றங்கள் இறுத்த விடையும் ஒருங்கு வைத்து ஆராயத்தக்கன.

ஆராயுமுன் மூன்று பொருள்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒருவர் தம்மை ஆணென்றோ, பெண்ணென்றோ, இரண்டும் அல்லாரென்றோ உள்ளத்தால் உணர்தல் பால் அடையாளம் எனப்படும். உடை, நடை, பேச்சு ஆகியவற்றால் அதனைப் புறத்தே காட்டுதல் பால் வெளிப்பாடு. எப்பாலார்மீது ஒருவரது காதல் செல்கின்றது என்பது பாலீர்ப்பு. இம்மூன்றும் தம்முள் வேறானவை. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் துணிதல் பொருந்தாது. பழந்தமிழ் நூல்கள் பெரிதும் பேசுவன முதலிரண்டையுமே. ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டம் குறிவைத்தது மூன்றாவதையாம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம் மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுக்கின்றது. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை அந்நூல் உயர்திணையிலேயே வைத்துள்ளது. அப்பெயருக்கெனத் தனியீறு இல்லையென்றும், அது உயர்திணைக்குரிய ஈறுகளையே பெற்று வருமென்றும் கூறும் அச்சூத்திரத்திலே தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் உடன்வைத்து ஓதப்படுகின்றது. மேலும், ஆண்மை திரிந்த அப்பெயர் ஆண்பாலை அறிவிக்கும் சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்று பிறிதொரு சூத்திரம் விலக்குகின்றது. எனவே, பேடி என்னும் பெயர் 'வந்தாள்' என முடியுமேயன்றி 'வந்தான்' என முடியாது. பிறந்த உடலை நோக்காது நின்ற நிலையை நோக்கிச் சொல்லை அமைத்தல் ஆசிரியர் கருத்தென்பது இதனாற் புலனாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் இக்கருத்தை மேலும் விரித்தார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாவர். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாவர் என்பது நன்னூல் விதி. ஈண்டுப் பாலைத் தீர்மானிப்பது அவா என்பது கவனித்தற்குரியது. தொல்காப்பியம் வெளிப்பட விதந்து கூறாத, பெண்மை துறந்து ஆண்மை கொண்டாரும் இங்கே இடம்பெறுகின்றனர். எனினும், அவ்விரு திறத்தாரையும் அஃறிணைபோற் சொல்லுதலும் உண்டென நன்னூலார் இடந்தந்துள்ளார். உயர்திணை வாயிலிலே திறக்கப்பட்ட இச்சிறு புழை பிற்காலத்து வழக்கிலே பெருவழியாயிற்று.

இலக்கணத்திற் கண்ட மதிப்பு இலக்கியத்தில் என்றும் ஒருபடித்தாயிருந்ததன்று. மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்றெனச் சிலப்பதிகாரம் கூறும். புகார் நகரத்து மக்கள் பேடிக்கோலத்துக் கூத்தினைக் கூடிநின்று கண்டமையை மணிமேகலை வருணிக்கும். சைவ வைணவத் திருப்பாடல்களோ ஆண், பெண், அலி என்னும் மூன்றையும் இறைவனோடு சார்த்திப் பாடுகின்றன. மறுபுறத்தே, அவையஞ்சுவான் கற்ற நூலுக்குப் பேடி கையிலுள்ள வாளை உவமையாக்குகின்றது திருக்குறள். முற்பிறப்பிற் பிறர்மனை நயந்தோர் இப்பிறப்பில் அலியாகி ஆடியுண்டு வாழ்வர் என்கின்றது நாலடியார். பழந்தமிழகம் இவர்களைப் போற்றியது என்று மட்டும் கூறுவோரும், இழித்தது என்று மட்டும் கூறுவோரும் சான்றுகளுட் பாதியையே கண்டவராவர். ஆயினும் இவர்தம் இருப்பையே குற்றமாக்கிய விதியொன்றும் மேற்காட்டிய நூல்களிற் காணப்படவில்லை.

அந்நிலையைத் தோற்றுவித்தது அன்னிய ஆட்சியேயாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பு, தன் 377ஆம் பிரிவினால், இயற்கைக்கு மாறான புணர்ச்சி எனத் தான் பெயரிட்டதனைத் தண்டத்துக்குரியதாக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், வடஇந்தியாவிலே அலிகள் எனப்பட்டோருட் குற்றஞ் செய்வாரென ஐயுறப்பட்டோரின் பெயர்களையும் உடைமைகளையும் பதிவேட்டில் எழுதுவித்தது. அவ்வாறு பதியப்பட்டவர் பொது இடத்திற் பெண்ணுடை அணிந்தாலும், ஆடினாலும், பாடினாலும் இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை பெறலாயினர். மகவேற்றல், இறுதிச் சாசனம் எழுதுதல் என்னும் உரிமைகளும் பறிக்கப்பட்டன. இலங்கையிலே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365ஆம் பிரிவினால் அதே நெறியைப் பின்பற்றியது. ஆடவர்க்கிடையிலான நெருக்கத்தைக் குற்றமாக்கிய 365அ பிரிவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தாற் பெண்டிரையும் உள்ளடக்கியது. தளர்த்தப்படவேண்டிய தளை இறுக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே அறிவுலகின் நோக்கு மாறலாயிற்று. 1990ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலினின்றும் நீக்கியது. 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. இழிபொருள் ஏறிய பழைய பெயர்களின் இடத்தைத் திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் பெற்றன. ஒருவர் தம் பாலைத் தாமே உரைக்கும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது. 2018இல் வயதுவந்தோர் இசைந்தொழுகும் உறவினை 377ஆம் பிரிவின் பிடியினின்றும் விடுவித்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்குமெனத் தீர்ப்பளித்தது. ஒரு பெயர்ச்சொல் யாரையெல்லாம் குறிக்கும் என்னும் வினாவே அவ்வழக்கின் உயிர்நாடி. தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட வினாவும் அதுவேயாம்.

இலங்கையிலே 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றுநிருபம், பால்நிலை ஏற்புச் சான்றிதழ் பெற்றுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள வழிசெய்தது. இது பால் அடையாளத்தைப் பற்றியது. பாலீர்ப்பைப் பொறுத்தவரை, 365, 365அ பிரிவுகளைத் திருத்தக் கொணரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்றென நாட்டின் உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. அச்சட்டமூலம் சட்டமாகுமுன்னரே 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஒருவரின் அடையாளத்தை ஏற்கும் வழியைத் திறந்த நாட்டிலே, ஒருவரின் காதல் குற்றமென எழுதிய ஏடு அவ்வாண்டிலும் கிழிக்கப்படவில்லை.

சட்டத்தை மாற்றுதல் மன்றங்களின் பணி. சொல்லை மாற்றுதல் கல்விக்கூடங்களின் பணி. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூலைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற மண் யாழ்ப்பாணம். அந்நூலிலே பேட்டின் பால் கூறும் சூத்திரம் வரும்போது நகைப்பு எழுதற்கு இடங்கொடாமலும், நாணித் தாண்டிச் செல்லாமலும், அதன் பொருளை நிறுத்தி விளக்குதல் ஆசிரியர் கடன். வகுப்பின் பின்வரிசையிலே தன் நடையும் குரலும் பிறரினின்றும் வேறாயிருத்தலால் இழிபெயர் ஏற்று வாய்மூடியிருக்கும் மாணாக்கன் ஒருவன் அவ்விளக்கத்தைக் கேட்கக்கூடும். தனக்கும் தமிழ் உயர்திணையில் இடம் வைத்துள்ளது என்பதை அவன் அன்று அறிவானாயின், அச்சூத்திரம் கற்பிக்கப்பட்டதன் பயன் நிறைவேறியதாகும்.