அகல் விளக்கும் பன்னாட்டுக் கண்காட்சியும்

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வேங்கிக்காலில் வீட்டுக்கு வீடு அகல் எரியும். மறுநாள் அந்த அகலை எடுத்துப் பாருங்கள். தரையில் வட்டமாக எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அகலில் விரிசல் இல்லை. பின் எண்ணெய் எப்படிக் கசிந்தது? இக்கேள்விக்கும் 2018-இல் ஜெய்ப்பூரில் நடந்த பன்னாட்டு மட்கலைக் கண்காட்சிக்கும் தொடர்பு உண்டு.

களிமண் சுமார் 600 பாகை செல்சியஸ் வரை சுடப்படும்போது, அதன் துகள்களில் வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது தண்ணீரில் கரையாது. ஊர்ச் சூளைகளில் வெப்பநிலை பெரும்பாலும் 1,000 பாகையைத் தாண்டுவதில்லை. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, நுண்துளைகள் அடைபடுவதில்லை. எண்ணெய் கசிவது அத்துளைகளின் வழியேதான். தகுந்த மண்ணை 1,200 முதல் 1,300 பாகை வரை சுட்டால், ஒரு பகுதி உருகிக் கண்ணாடி போலாகித் துளைகளை அடைத்துவிடும். இதுவே 'ஸ்டோன்வேர்' எனப்படும் கல்பாண்டம். ஏரி மண் அவ்வளவு சூட்டைத் தாங்காது; உருக்குலைந்துவிடும்.

புதுச்சேரிக் கரைக்கு அயல்நாட்டுப் பாண்டங்கள் புதியவையல்ல. அங்குள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலியப் பாண்ட ஓடுகளே அவ்விடத்தின் காலத்தைக் கணிக்க உதவின. அதே புதுச்சேரியில் 1971-இல் அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். ஸ்மித் ஜப்பானில் தொழில் பயின்றவர். சவுக்கு விறகு எரித்துக் கல்பாண்டம் சுட்டனர். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் கற்றுத் தந்தனர்.

1980-களில் மீக்கர் ஒரு துணிகரமான சோதனையில் இறங்கினார். சூளையில் எரியும் விறகின் வெப்பத்தில் கணிசமான பகுதியைச் சூளைச் சுவரே உறிஞ்சிவிடுகிறது. அது வீண்தானே? அந்தச் சுவரையே வீட்டின் சுவராக்கினால் என்ன? பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே சுடவேண்டிய செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டினார். வீடும் வெந்தது, உள்ளிருந்த பொருளும் வெந்தது!

இக்கூடத்தில் பயின்ற மாத்வி சுப்ரமணியன், வினீத் கக்கர் ஆகியோரும் இடம்பெற்ற கலைஞர் குழுவே ஜெய்ப்பூர் கண்காட்சியை அமைத்தது. ஜவஹர் கலா கேந்திராவில் நடந்த அதில் இந்தியரோடு அயல்நாட்டுக் கலைஞரும் பங்கேற்றனர். குடமும் கோப்பையும் மட்டுமல்ல, அரங்கை நிறைக்கும் படைப்புகளும் இருந்தன. இரண்டாம் கண்காட்சி 2024-இல் தில்லியில் நடந்தது.

அப்படியானால் கசியும் நம் ஊர் மண்பாண்டம் மட்டமானதா? இல்லை. பானை நீர் குளிர்வதே நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால்தான். கல்பாண்ட ஜாடி ஊறுகாய்க்கு உகந்தது. கோடையில் தண்ணீரைக் குளிர்விக்க அதனால் ஆகாது. வெப்பமானி இல்லாமல் தணலின் நிறம் பார்த்தே பதம் அறியும் குயவரின் திறமையும் ஓர் அறிவியலே. அரங்கில் வைத்த பாண்டத்துக்குத் தரும் மதிப்பைச் சந்தையில் வைத்த பானைக்கும் தரவேண்டாமா?

அடுத்தமுறை பானை வாங்கும்போது, விலை பேசுமுன் விரலால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்று ஒலித்தால் விரிசலின்றி நன்றாக வெந்த பானை. மந்தமாக ஒலித்தால் வேறொன்றைத் தட்டுங்கள்.