அகேஷியா தெருவின் இசைத்தட்டுகள்

கெல்லி ஹாண்டைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் இடறுவது ஒரு பட்டத்தில்தான். 2017ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகர மன்றம் அவரைச் சிறப்பித்தபோது டெட்ராய்ட்டின் 'முதல் பெண்மணி' என்றது. அமெரிக்காவில் முதல் பெண்மணி என்றால் அதிபரின் மனைவி. கெல்லி எந்த அதிபரின் கையைப் பிடித்துக்கொண்டும் டெக்னோ இசைக்குள் வந்தவர் அல்லர். தன் பெயரில் இசை செய்தார், தன் பணத்தில் தட்டு அச்சிட்டார், தன் தெருவின் பெயரில் நிறுவனம் நடத்தினார். அப்படிப்பட்டவரைப் பாராட்டவும் ஒரு மனைவிக்குரிய சொல்தான் கைவசம் இருந்திருக்கிறது.

'முதல்' என்பதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. 1980களிலேயே டெட்ராய்ட்டில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தவர் ஸ்டேசி ஹேல். டிஜே மின்க்ஸ் 1996இல் 'விமன் ஆன் வாக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் பெண் என்று ஒருவரை உட்கார வைத்துவிட்டால் மற்றவர்களைத் தேடவேண்டிய வேலை மிச்சம். வரலாற்றில் பெண்களுக்கு ஒரே ஒரு நாற்காலி போடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

டெட்ராய்ட் கார் செய்த நகரம். 1950இல் அதன் மக்கள்தொகை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது, 1990இல் 10 லட்சத்துச் சொச்சம். 1967ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர் புறநகர்களுக்கு நகர்ந்தார்கள், தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. கெல்லி 1964இல் இந்த நகரத்தில் பிறந்து, இங்கேயே வளர்ந்த கறுப்பினப் பெண். அவருடைய இருபதுகளில் இதே நகரத்தின் கறுப்பின இளைஞர்கள் தாள இயந்திரங்களையும் சிந்தசைசர்களையும் கொண்டு ஒரு புதிய நடன இசையை உருவாக்கினார்கள். 1988இல் லண்டனிலிருந்து வெளியான ஒரு தொகுப்பு அதற்கு டெக்னோ என்ற பெயரை உலகறியச் செய்தது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும், படித்த பள்ளி இருந்த ஊரின் பெயரால் 'பெல்வில் மூவர்' ஆனார்கள். அவர்களின் சாதனையை நான் குறைக்கவில்லை. ஆனால் தந்தையர் பட்டியல் இவ்வளவு விரைவாகத் தயாராகிவிட்ட ஒரு வரலாற்றைச் சற்றே சந்தேகத்துடன்தான் படிக்கவேண்டும்.

இந்த இசையின் களத்தில் டிஜே என்பவர் யார்? பாட்டு போடுகிறவர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் முன்னால் இரண்டு டர்ன்டேபிள்கள், நடுவில் ஒரு மிக்ஸர். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் தனக்கு மட்டும் கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதலாவதின் தாளத்தோடு பொருத்த வேண்டும். அந்தக் காலக் கிளப்புகளில் இருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 கருவியில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். மீதியை விரல் நுனிதான் செய்யவேண்டும். தட்டின் ஓரத்தைத் தொட்டு ஒரு கணம் தாமதிக்க வைப்பது, மெல்லத் தள்ளிவிடுவது என்று காதும் கையும் ஒன்றாக இயங்கும் வேலை. கெல்லியின் குடும்பப் பெயருக்கும் ஆங்கிலத்தில் 'கை' என்றுதான் பொருள். ஒரு கவிஞராக எனக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

என் சிறுவயதில் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுபவர் வருவார். கூம்பு ஒலிபெருக்கியைப் புளியமரத்தில் ஏற்றிவிட்டுத் திண்ணையில் ரெக்கார்டுப் பெட்டியைத் திறப்பார். பையன்களை முள் எடுத்து வைக்க விடுவார். நான் கிட்டே போனால், "பொம்பளப் புள்ள தொட்டா முள்ளு ஒடஞ்சிரும், அங்கிட்டுப் போ" என்பார். பெண் பாடலாம், ஆடலாம். பாட வைக்கிற கருவியைத் தொடக்கூடாது. கெல்லியின் கதையில் நான் நின்றுபோனதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணம்.

அவர் கருவியைத் தொடக் கற்றதற்குப் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. 1980களில் அவர் நியூயார்க் நகரின் பாரடைஸ் கராஜ் கிளப்புக்குப் போய்வந்தார். கிங் தெருவில் ஒரு பழைய வாகன நிறுத்தக் கட்டடத்தில் இயங்கியது அது. லாரி லெவன் தட்டுகளைச் சுழற்றினார். மது விற்கமாட்டார்கள், விடிய விடிய ஆட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தற்பாலீர்ப்பு ஆண்கள். 1987இல் அது மூடப்பட்டது. வெளியுலகம் துரத்திய ஆண்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கூரையின் கீழ் ஒரு பெண் வந்து நின்று, பார்க்கப்படும் பொருளாக இல்லாமல் இசையைக் கேட்க முடிந்தது. ஒரு பெண் இரவில் தனியாக நின்று கூர்ந்து கேட்பதற்கு ஓரிடம் வேண்டும். இது சிறிய விஷயம் அல்ல.

ஊர் திரும்பியவர் வீட்டில் பயிற்சி செய்தார். டெட்ராய்ட்டின் ஸிப்பர்ஸ் கிளப்பில் நிலையான டிஜே ஆனார். 1990இல் அவர் செய்த காரியத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திராமல் சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் அதன் பெயர் யூகே ஹவுஸ் ரெக்கார்ட்ஸ். பிறகு, தான் வாழ்ந்த தெருவின் பெயரால் அகேஷியா ரெக்கார்ட்ஸ். அந்த நாளில் ஒரு தட்டை வெளியிடுவதென்றால் ஒலியை அரக்குப் பூசிய தட்டில் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, வினைலில் அழுத்தி, உறையிட்டு, பெட்டி பெட்டியாகக் கடைகளுக்கு அனுப்பவேண்டும். போட்ட காசு எப்போது திரும்பும் என்பது தெரியாது. சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். ஆனால் எதை வெளியிடலாம், எதை நிறுத்தலாம் என்பதை இன்னொருவரிடம் கேட்கவேண்டியதில்லை. டெட்ராய்ட்டின் ஆண் கலைஞர்கள் பலரும் சொந்த நிறுவனங்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்திருந்தது சுதந்திரத்துக்காக. ஒரு பெண்ணுக்கு அது வாசல்படியும்கூட.

உறைகளில் அவர் பெரும்பாலும் பயன்படுத்திய பெயர் கே-ஹாண்ட். ஓர் எழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும். தட்டைக் கையில் எடுப்பவருக்கு இது ஆணா பெண்ணா என்று தெரியாது. தெரியாமலே முள்ளை வைப்பார், தாளம் பிடித்தால் வாங்குவார். அவர் இதை ஒளிந்துகொள்ளச் செய்தாரா, வெறுமனே சுருக்கமாக இருக்கட்டும் என்று செய்தாரா என்பது இருக்கட்டும். விளைவு என்னவோ ஒன்றுதான். ஒருமுறை முதுகலை வகுப்பில் அவருடைய ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். இருபது பேரும் 'அவன்' என்றே பேசினார்கள், பதினாறு மாணவிகள் உட்பட. நான் கோபப்படவில்லை. முன்னெழுத்தோடு கவிதை அனுப்பிய காலத்தில் எனக்கும் 'திரு' போட்டுத்தான் பதில் வரும்.

1994இல் இங்கிலாந்தின் வார்ப் நிறுவனம் அவருடைய 'குளோபல் வார்னிங்' தட்டை வெளியிட்டது. மறுவருடம் பெர்லினின் ஸ்டுடியோ கே7 வழியாக 'ஆன் எ ஜர்னி' என்ற முழு ஆல்பம். 2001இல் அதே பெர்லினின் ட்ரேசர் நிறுவனத்திடமிருந்து 'டெட்ராய்ட் ஹிஸ்டரி பார்ட் 1'. தன் நகரத்தின் வரலாறு என்று தானே பெயரிட்டுத் தந்திருக்கிறார், அதுவும் முதல் பாகம். டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோவுக்குச் சந்தை ஐரோப்பாவில்தான் இருந்தது. அவரும் அந்தக் கடல் தாண்டிய மேடைகளில் பல வருடங்கள் தட்டுகளைச் சுழற்றினார். ஹவுஸ் இசையின் இளக்கமும் டெக்னோவின் இறுக்கமும் அவரிடம் சேர்ந்தே இருக்கும். அடியில் தாளம் நெகிழாமல் ஓட, மேலே ஒரு குரல் துணுக்கு திரும்பத் திரும்ப வந்து போகும். கோபத்தைக் கத்தாமல் சொல்கிற இசை என்று எனக்குப் படும். இது என் காதுக்குக் கேட்பது மட்டுமே.

டிஜேயின் கலைக்கு ஆவணம் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். இரவு முழுக்க அவர் கோத்த வரிசை விடிந்ததும் கரைந்துவிடும். யாராவது பதிவு செய்திருந்தால் உண்டு. யாரைப் பதிவு செய்வது, யாரைப் பேட்டி காண்பது என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அகேஷியா இல்லாமல் போயிருந்தால் 1990களின் கெல்லியைப் பற்றி நமக்குச் செவிவழிக் கதைகளே மிஞ்சியிருக்கும். மற்ற கிளப்புகளில் இரவெல்லாம் தட்டு சுழற்றிய, சொந்த நிறுவனம் வைக்கக் காசில்லாத பெண்களின் கதி அதுதான்.

2021 ஆகஸ்ட் 3ஆம் நாள், 56ஆவது வயதில் கெல்லி ஹாண்ட் டெட்ராய்ட்டில் இறந்தார். நியூயார்க் டைம்ஸ் இரங்கல் குறிப்பு வெளியிட்டது. அகேஷியா என்று அச்சிட்ட வட்டத்தாள் ஒட்டிய கறுப்புத் தட்டுகள் பழைய தட்டுக் கடைகளில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.