உட்வர்டின் முழுத்தொகுப்பு ஆய்வுகள்

தாவரங்களும் நுண்ணுயிர்களும் ஆக்கும் சிக்கலான சேர்மங்களை எளிய வேதிப்பொருள்களிலிருந்து படிப்படியாக ஆய்வகத்தில் கட்டியெழுப்புவது முழுத்தொகுப்பு எனப்படும். இத்துறையின் தலைசிறந்த பெயர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பர்ன்ஸ் உட்வர்ட் (1917–1979). பாஸ்டனில் பிறந்த அவர் 20 வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்களை ஜப்பான் கைப்பற்றியதும் மலேரியா மருந்தான கொயினைனுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. 1944-இல் உட்வர்டும் வில்லியம் டோரிங்கும் அதற்கு முந்தைய சேர்மமான குயினோடாக்சின் வரை கட்டினர். எஞ்சிய வழியை ஜெர்மானியரான பால் ராபே 1918-லேயே அறிவித்திருந்தார். அந்த வழி உண்மையில் பலிக்குமா என்ற விவாதம் பின்னர் நெடுங்காலம் நீடித்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டை இந்த வெற்றி தீர்க்கவில்லை. ஆனால் இவ்வளவு சிக்கலான சேர்மத்தையும் திட்டமிட்டுக் கட்டலாம் என்ற துணிவு வேதியியலாளர்களுக்குப் பிறந்தது.

அடுத்து எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னின் (1954), சர்ப்பகந்தா வேரிலுள்ள ரெசர்பின் (1956), பச்சையம் (1960) எனத் தொடர்ந்தார். ஏழு வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிய ஸ்ட்ரிக்னினைத் தொடவே அன்று பலர் தயங்கினர். 1965-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய பணிகளில் மிகப் பெரியது வைட்டமின் பி12. அதன் அமைப்பை 1950-களில் எக்ஸ்-கதிர் வழியே கண்டறிந்தவர் டோரதி ஹாட்ஜ்கின். அதைக் கட்டும் வேலையில் சூரிச்சின் ஆல்பர்ட் எஷன்மோசர் குழுவும் இணைந்தது. இரு குழுக்களிலுமாக நூறு பேரளவில் உழைத்தனர். வேலையின் நடுவே ஒரு வளையம் மூடும் வினை, எதிர்பார்த்ததற்கு நேர்மாறான வடிவத்தைத் தந்தது. சூடாக்கினால் ஒரு வடிவமும் ஒளி பட்டால் வேறொரு வடிவமும் கிடைத்தன. உட்வர்ட் இதைத் தோல்வியென ஒதுக்கவில்லை. இளம் கோட்பாட்டாளரான ரோல்ட் ஹாஃப்மனுடன் காரணத்தைத் தேடினார். எலக்ட்ரான் ஆர்பிட்டல்களின் சமச்சீர்மையே வினையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று கூறும் உட்வர்ட்–ஹாஃப்மன் விதிகள் 1965-இல் வெளிவந்தன. வைட்டமினைக் காட்டிலும் இந்த விதிகளே வேதியியலுக்குப் பெரிய கொடை. பி12-க்கு முந்தைய கோபிரிக் அமிலத்தை எட்டிய கதையை 1972-இல் புது தில்லியில் நடந்த இயற்கைப்பொருள் வேதியியல் கருத்தரங்கில் உட்வர்ட் விரித்துரைத்தார்.

1981-இல் ஹாஃப்மனுக்கும் ஜப்பானின் கெனிச்சி ஃபுகுயிக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது உட்வர்ட் உயிருடன் இல்லை. அவர் பாதியில் விட்டுச்சென்ற எரித்ரோமைசின் தொகுப்பை யோஷிட்டோ கிஷியின் வழிகாட்டுதலில் குழுவினர் முடித்து, அதே ஆண்டு வெளியிட்டனர்.